குருநகர்க் கரையில் பன்னிரண்டு கிழமைகள்

1. முதல் நாள்

அந்த நாளை என் குறிப்புக் கொப்பியில் இப்படித் தொடங்கியிருக்கிறேன்: "ஆவணி, திங்கட்கிழமை, காலை எட்டு ஐந்து. குருநகர் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. திறப்பு வைத்திருப்பவர் சந்தைக்குப் போய்விட்டார்." பெரிய ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டு நல்ல சேலை உடுத்திக்கொண்டு போயிருந்தேன். முதல் முக்கால் மணி நேரம் வாசல்படியில் கழிந்தது.

அரச வைத்தியசாலைகளில் முப்பத்திரண்டு வருடம் பிசியோதெரபிஸ்ற்றாக வேலை செய்து ஓய்வு பெற்று, நெல்லியடியில் வீட்டோடு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தவள் நான். என்னை மறுபடி வேலைக்கு இழுத்தவர் டொக்டர் மதுரா. வயதில் என் மகள் மாதிரி, படிப்பில் என்னைவிட மூன்று படி மேலே. நீரிழிவு போன்ற நீண்டகால நோய் உள்ள முதியவர்களின் தசை கரைவதை உடற்பயிற்சியால் எவ்வளவு மீட்கலாம் என்பது அவருடைய ஆய்வு.

வயது ஏறத் தசை குறைவது எல்லோருக்கும் உள்ளது. நோயும் சேர்ந்துகொண்டால் குறைவது வேகமாகும். சார்கோபீனியா என்று வைத்தியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆளைப் பார்த்தால் தெரியாது. தொந்தி வைத்த இடத்திலேயே இருக்கும், தொடை மட்டும் கரைந்திருக்கும். கதிரையிலிருந்து எழும்பும்போது கை தானாகக் கதிரையின் விளிம்பைத் தேடும். நாங்கள் கண்டுபிடிப்பது அந்தக் கையை வைத்துத்தான்.

எங்களுடைய ஆயுதங்கள் நான்கு: கைப்பிடியின் பலத்தை அளக்கும் கிரிப் மீற்றர், கெண்டைக்காலைச் சுற்றி அளக்க ஒரு நாடா, ஒரு ஸ்ரொப்வோச், கைப்பிடி இல்லாத ஒரு கதிரை. கைகளை நெஞ்சிலே குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழும்பி ஐந்து தடவை இருக்க வேண்டும். அதற்கு எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பார்ப்போம். பதினைந்துக்கு மேலே போனால் கால் பலவீனம்.

அன்று ஏழாவதாக வந்தவர் அந்தோனிப்பிள்ளை அண்ணை. வயது எழுபத்தொன்று, நீரிழிவு பதினாறு வருடம். சிறுவயதிலிருந்து கடல். கிரிப் மீற்றரைக் கையில் கொடுத்தேன்.

"உந்தச் சாமானை எவ்வளவு அமத்தலாம், பிள்ளை?"

"ஏலுமானமட்டும் அமத்துங்கோ, அண்ணை."

"பேந்து உடைஞ்சுபோச்செண்டு என்னட்டைக் கேக்கப்படாது."

நாற்பத்தொரு கிலோ. அன்று வந்தவர்களில் அதுதான் ஆகக் கூடியது. வலை இழுத்த கை. மண்டபத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதிரையில் இருத்தினேன்.

"கையைக் கட்டிக்கொண்டு எழும்பட்டாம். கடலிலை ஆர் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே எழும்பினார். முதல் தடவை எழும்பினார். இரண்டாம் தடவை முன்னுக்குச் சரிந்து எழும்பினார். மூன்றாம் தடவை கட்டியிருந்த கை அவிழ்ந்து கதிரையைத் தேடியது. "கையை எடுங்கோ" என்றேன். ஐந்தும் முடியப் பத்தொன்பது தசம் நான்கு செக்கன். நெற்றியில் வியர்வை. பகிடியும் நின்றுவிட்டது.

கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகன் யூட் அப்போதுதான் உள்ளே வந்தார்.

"மிஸ், நான் ஒண்டு கேக்கவேணும். அப்பா போன மாதம் போட்டுக்கு ஏறேக்கை விழுந்தவர். போட்டுக்கும் தண்ணிக்கும் நடுவிலை. தலை அடிபடேல்லை, மாதா காப்பாத்தினா. அண்டையோடை நான் ஏத்திறேல்லை."

"ஏத்திறேல்லையாம்! போட்டு ஆருடையது? அதைக் கேள் முதல்," என்றார் தகப்பன்.

அவர்களுடையது சிறகுவலைத் தொழில். கடலேரியில் கம்பு நட்டு வலை கட்டுவார்கள். மீன் பட்டால், போட்டிலிருந்து இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, அள்ளிப் போட்டுவிட்டு, மறுபடி போட்டுக்குள் ஏற வேண்டும். ஒரு காலையில் மூன்று தடவையாவது இறங்கி ஏறுவார்கள். ஏற முடியாதவர் போட்டில் ஒரு பாரம்.

"நத்தார்ப் பண்டிகைக்கு முந்தி எங்கடை கரையிலை வலை கட்டுற இடத்துக்குச் சீட்டுக் குலுக்குவினம். அதுக்கு முதல் போட்டிலை மூண்டாவது ஆள் ஆரெண்டு நான் முடிவெடுக்கவேணும். என்ரை மச்சான் வாறன் எண்டு நிக்கிறார். அப்பாவுக்கு ஏலும் எண்டு நீங்கள் சொன்னால் அப்பா. நீங்கள் சொல்லாட்டி மச்சான். நான் சொன்னா இவர் கேக்கமாட்டார், மிஸ். நீங்கள் சொன்னால் கேப்பார்."

"ஆர் சொன்னாலும் கேக்கமாட்டன்," என்றார் அண்ணை. ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "போட்டிலை போகாட்டி நான் என்ன செய்யிறது? வீட்டிலை இருந்து மருமகளுக்கு வெங்காயம் உரிக்கிறதோ?"

2. உறை

அடுத்த திங்கட்கிழமை உறை எடுக்கும் நாள். ஆய்வுக்கு எடுத்த இருபத்துநான்கு பேரில் பாதிப்பேருக்குப் பன்னிரண்டு கிழமை, கிட்டத்தட்ட மூன்று மாதம், உடற்பயிற்சி வகுப்பு. மறுபாதி கொன்ட்ரோல் குறூப். அவர்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் மட்டும் கொடுத்து, வழமைபோல இருங்கள் என்று விடுவோம். பன்னிரண்டு கிழமை முடியத்தான் அவர்களுக்கும் பயிற்சி. யாருக்கு எது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. எண் போட்டு ஒட்டிய உறைகள் அடுக்காக இருக்கும், வருகிற ஒழுங்கில் ஆளுக்கொன்று. அப்படிச் செய்தால்தான் பயிற்சி உண்மையில் வேலை செய்ததா என்று தெரியும்.

அந்தோனிப்பிள்ளை அண்ணையின் உறையை அவரே கிழித்தார். கொன்ட்ரோல்.

விளங்கப்படுத்தினேன். அண்ணை கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சீட்டுத்தானே. விழுந்தது விழுந்ததுதான்," என்று மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். துள்ளியவர் யூட்தான்.

"பன்னிரண்டு கிழமை கழிஞ்சு பயிற்சி எண்டால் நத்தார் வந்திடும், மிஸ்! உந்த உறையைத் திருப்பி ஒட்டிப்போட்டு அடுத்ததை எடுக்கேலாதோ? ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, தம்பி," என்றேன். நல்ல மிடுக்காகத்தான் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு நடந்ததையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை. அடுத்த உறையை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. டொக்டர் மதுரா ஒவ்வொரு உறைக்குள்ளும் அலுமினியத் தாள் மடித்து வைத்திருந்தார். முப்பத்திரண்டு வருட சேவை உள்ளவர்களும் இப்படிச் செய்வார்கள் என்பதை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

மாலையில் தொலைபேசியில் அவரிடம் கேட்டும் பார்த்தேன்.

"அக்கா, ஒருத்தருக்கு மாத்தினால் இருபத்திநாலு பேருக்கும் மாத்தினமாதிரி," என்றார் டொக்டர்.

"அந்த மனிசன்ரை தொழில், டொக்டர்."

"விளங்குது, அக்கா. எண்டாலும் ஏலாது."

3. உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று

வகுப்பு கிழமைக்கு மூன்று நாள்: திங்கள், புதன், வெள்ளி, காலை ஒன்பது மணி. கதிரையில் இருந்து எழும்புவது, குதிக்காலை உயர்த்தி நிற்பது, ரப்பர் பட்டியை இழுப்பது, கணுக்காலில் மணல்பை கட்டிக் காலைத் தூக்குவது. மூன்று கிழமைக்கு ஒரு தடவை பாரம் கூட்டுவோம். தசைக்குக் கொஞ்சம் கஷ்டம் கொடுக்க வேண்டும். சும்மா கையை வீசி நடப்பதால் தொடை திரும்பி வராது. நீரிழிவு உள்ளவர்கள் சட்டைப் பைக்குள் இனிப்பு வைத்திருக்க வேண்டும் என்பதும் என் சட்டம். சீனி இறங்கி மயங்கினால் உடனே வாயில் போடலாம்.

எனக்குக் குரல் பெரிது. வார்ட்டில் இருபது கட்டிலுக்குக் கேட்கக் கத்திப் பழகியது. வகுப்பில் முன்வரிசையில் இருந்த பிலோமினா அக்கா ஒரு நாள் சொன்னார்:

"மிஸ், எண்ணிறதை ஒருக்கா மெள்ள எண்ணுங்கோ. சந்தியிலை பஸ்ஸுக்கு நிக்கிறவையும் சேர்ந்து எழும்பி இருக்கினமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அதே சத்தத்தில் எண்ணினேன்.

கொன்ட்ரோல் குறூப்புக்குக் கொடுத்த துண்டுப்பிரசுரம் வேறொரு கூத்து. தசைக்குப் புரதம் வேண்டும், ஆகவே மீன், முட்டை, பருப்பு உண்ணுங்கள் என்று அதில் அழகாக அச்சடித்திருந்தோம். படகுகள் கட்டும் ஜெற்றியடியில் அதை அந்தோனிப்பிள்ளை அண்ணை சத்தமாக வாசித்துக் காட்டினாராம்: "கேட்டியளே, நாங்கள் மீன் தின்னவேணுமாம். யாழ்ப்பாணத்திலை இருந்து பேப்பர் அடிச்சு அனுப்பியிருக்கினம்." மண்டபம் யாழ்ப்பாண நகரிலிருந்து நடை தூரம். ஆனாலும் துண்டுப்பிரசுரம் வீண்போகவில்லை. அந்தப் பகிடியைக் கேட்டு வீடு வீடாக விசாரித்தபோது, நல்ல மீனெல்லாம் விலைக்குப் போய்விட, வீட்டில் பெரியவர்கள் இரவில் பாணும் சம்பலும் சாப்பிடுவது தெரியவந்தது. பல்லில்லாதவர்கள் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்தார்கள்.

இந்தக் கிழமைகளில் என் கொப்பியில் சம்பந்தமில்லாத வரிகளும் இருக்கின்றன. இரண்டாம் கிழமை, புதன்: "ஜெற்றியடியில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் இப்போது மண்டபச் சுவருக்குப் பின்னால் வந்து இருக்கிறார்கள். பூவரசு நிழலுக்காக இருக்கலாம்." நான்காம் கிழமை, வெள்ளி: "பின்னால் இன்று நால்வர்." ஏழாம் கிழமை, திங்கள்: "மழை. அப்படியிருந்தும் பின்னால் வலை பொத்துகிறார்கள்." மழைக்குள் யார் வலை பொத்துவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. தேதியும் கிழமையும் சரியாக எழுதுகிறவர்களுக்கு எழுதியதன் பொருள் விளங்கும் என்று இல்லை.

அண்ணையை இடையிடையே கரையில் கண்டேன். "எப்பிடி அண்ணை?" என்றால், "வழமைபோல, பிள்ளை," என்பார். எனக்கு அவரை நேரே பார்க்கக் கூச்சமாக இருந்தது. தகப்பனைப் பற்றி என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று யூட் என் முகத்தைப் பார்ப்பார். நான் பஸ்ஸைப் பார்ப்பேன்.

4. மீன்பெட்டிகள்

பன்னிரண்டு கிழமையும் முடிந்து, அடுத்த புதன்கிழமை கடைசி அளவெடுப்பு. வகுப்பு நடத்துகிறவள் அளக்கக்கூடாது, பக்கம் சாய்வாள். அதற்காக வேறு வைத்தியசாலையிலிருந்து ஜெசிந்தா என்ற இளம் பிசியோ வந்திருந்தாள். யார் எந்தக் குறூப் என்று அவளுக்குத் தெரியாது. நான் வெளியே நின்று பெயர் மட்டும் கூப்பிட்டேன்.

மத்தியானம் அவள் தாள்களோடு வெளியே வந்தாள்.

"அக்கா, உங்கடை வகுப்பு நல்ல திறம். இந்த நாலு ஆம்பிளையளைப் பாருங்கோ. கையைக் கட்டிக்கொண்டு துள்ளித் துள்ளி எழும்புகினம்."

நான்கு பெயரைப் பார்த்தேன். நால்வரும் கொன்ட்ரோல். முதலாவது பெயர் அந்தோனிப்பிள்ளை: பன்னிரண்டு தசம் ஆறு செக்கன். என் வகுப்பில் ஒருநாளும் தவறாமல் வந்த ஆண்கள்கூட அவ்வளவு முன்னேறவில்லை.

முதல் யோசனை, ஸ்ரொப்வோச் பழுது. இரண்டாவது, பெயர் மாறிவிட்டது. மூன்றாவது யோசனை வருவதற்கு முன்னமே கால் மண்டபத்துக்குப் பின்னால் போய்விட்டது.

பூவரசின் கீழே நான்கு பிளாஸ்ரிக் மீன்பெட்டிகள் கவிழ்த்து வைத்திருந்தன. ஒரே வரிசை, ஒரே இடைவெளி. பக்கத்தில் பழைய காலுறைகள். தூக்கிப் பார்த்தேன், பாரம். உள்ளே வலையில் கோக்கும் ஈயக்குண்டுகள். சுவரில் கரிக்கோடுகள், மூன்று மூன்றாக, முப்பத்தைந்து. என் வகுப்புகளின் எண்ணிக்கை முப்பத்தாறு. ஒரு வெள்ளிக்கிழமை இவர்களுக்குச் செத்தவீடு, அதுவும் பிறகு தெரியவந்தது.

அந்தோனிப்பிள்ளை அண்ணையும் மற்ற மூவரும் வலையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"அண்ணை, இதென்ன?"

"பெட்டி."

"பெட்டி எண்டு தெரியுது. ஏன் நாலும் வரிசையா இருக்கு?"

"கோணலா வைச்சா வடிவில்லை."

"அண்ணை!"

அவர் வலையைக் கீழே வைத்தார். "நீங்கள் உள்ளுக்கை எண்ணினியள், பிள்ளை. வெளியிலை கேட்டுது. காதைப் பொத்திக்கொண்டிருங்கோ எண்டு அந்தப் பேப்பரிலை இல்லை."

"எண்ணினது கேட்டிருக்கும். காலிலை பாரம் கட்டிறது, குதிக்காலிலை நிக்கிறது, மூண்டு கிழமைக்கு ஒருக்காப் பாரம் கூட்டிறது, இதெல்லாம் ஆர் காட்டினது?"

நால்வரும் கடலைப் பார்த்தார்கள். பதில் மண்டபத்தின் பின் யன்னலிலிருந்து வந்தது. பிலோமினா அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் மிஸ். என்னை ஏசுங்கோ. என்ரை மனிசன் உயிரோடை இருக்கேக்கை இவையோடை ஒரே போட்டிலை போனவர். எனக்கு உறையிலை விழுந்தது, இவைக்கு விழேல்லை. அதுக்காகப் பிடிச்ச மீனை நான் தனிய இருந்து தின்னிறதோ?"

"இது மீன் இல்லை, அக்கா. ஆராய்ச்சி."

"எல்லாம் ஒண்டுதான்," என்றார் அண்ணை. "சீட்டை நாங்கள் மாத்தேல்லை, பிள்ளை. ஒருத்தரும் உள்ளுக்கை வந்து கதிரையிலை இருக்கேல்லை. வலை கட்டுற இடம் ஆருக்கு விழும் எண்டதுதான் சீட்டு. பட்ட மீனிலை கறிக்கு ஆருக்குக் குடுக்கிறது எண்டது எங்கடை விருப்பம். கடலுக்குப் போக ஏலாமல் கரையிலை வந்து நிக்கிறவனுக்குக் கறிக்கு நாலு மீன் குடுக்காமல் போறது எங்கடை கரையிலை இல்லை."

"வழமைபோல இருங்கோ எண்டெல்லோ எழுதித் தந்தனாங்கள்?"

"இதுதான் எங்கடை வழமை."

பக்கத்தில் இருந்தவர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது ஆராய்ச்சிக் கோபமில்லை, வார்ட்டுக் கோபம். நீரிழிவுக்காரர்கள், எழுபது வயது, பார்க்க ஆளில்லாமல் ஈயக்குண்டு கட்டித் தூக்கியிருக்கிறார்கள்.

"சீனி இறங்கி விழுந்திருந்தால் என்ன செய்வியள்?"

நான்கு பேரும் ஒரே நேரத்தில் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஆளுக்கொரு இனிப்பை எடுத்துக் காட்டினார்கள்.

5. டொக்டர் மதுராவின் அறை

அடுத்த நாள் வியாழக்கிழமை. ஒழுங்குமீறல் படிவம் என்று ஒன்று உண்டு. ஆய்வில் விதிப்படி நடக்காததை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். "யாரால்" என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். என் குரலும், பின் யன்னலைச் சாத்தாததும், கொப்பியில் எழுதிவிட்டு யோசிக்காததும் என்னுடையவை.

டொக்டர் மதுரா இரண்டு தடவை வாசித்தார்.

"ஒரு வருச வேலை, அக்கா," என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த நாலு பேரையும் எடுத்துவிட ஏலாதோ, டொக்டர்?"

"ஏலாது. உறையிலை எந்தக் குறூப் வந்ததோ அதிலைதான் கணக்கு. பிடிக்காததை எல்லாம் எடுத்துவிட்டால் எங்களுக்கு எப்பவும் வெற்றிதான். பிறகேன் ஆராய்ச்சி?" பேனையால் தாளைத் தட்டினார். "எனக்கு விளங்காதது வேறை. உங்கடை குறூப்பிலை இருந்த ஆம்பிளையளைவிட இவை ஏன் கூட முன்னேறினவை?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. முந்தைய நாளே பெட்டியை நாடாவால் அளந்திருந்தேன். "எங்கடை கதிரை நாற்பத்தைஞ்சு சென்ரிமீற்றர். மீன்பெட்டி முப்பத்தொண்டு."

டொக்டர் என்னைப் பார்த்தார். தாழ்வான இருக்கையிலிருந்து எழும்பத் தொடை கூடுதலாக உழைக்க வேண்டும் என்று அவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எங்கடை வைத்தியத்தைவிட எங்கடை கொன்ட்ரோல் திறம், அக்கா. இதை நான் எந்தக் கூட்டத்திலை போய்ச் சொல்லுறது?"

நாலு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதையும் அவரே சொன்னார். நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதுவதென்று முடிவானது.

எழும்பும்போது யூட்டின் கேள்வியைச் சொன்னேன். பன்னிரண்டு தசம் ஆறு செக்கன், பதினைந்துக்குக் கீழே. "ஏலும்" என்று எழுதிக் கொடுக்கலாமா?

"கதிரை ஆடாது, அக்கா. போட்டு ஆடும்," என்றார் டொக்டர். "இலக்கத்தை வைச்சுக் கடலுக்கு அனுப்பாதேங்கோ. போய் நிண்டு பாருங்கோ."

6. இடுப்பளவு தண்ணீர்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பது. வாடைக்காற்று தொடங்கியிருந்தது, கடலேரியில் சின்னச் சின்ன அலை. நான் ஜெற்றியில் நின்றேன். யூட் போட்டில், அண்ணை பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில். யூட்டின் மச்சானும் வந்து கரையில் நின்றார். அவர் நல்ல மனிசன். அண்ணை ஏறினால் தனக்கு இடமில்லை என்று தெரிந்தும், "மாமா, பதறாதேங்கோ," என்றார்.

"மூண்டு தரம், அண்ணை," என்று சொன்னேன். "ஒருக்கா ஏறினாப் போதாது. தொழிலிலை மூண்டு தரம் ஏறவேணும்."

"நீங்கள் என்ன, கடலிலையும் போர்ம் நிரப்பப் போறியளோ?"

முதல் தடவை போட்டின் விளிம்பைப் பிடித்து, முழங்காலை மடித்து, மண்ணில் உதைத்து எழும்பினார். வயிறு விளிம்பில் பட, கால் உள்ளே போனது. அழகான ஏற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏறினார். யூட்டின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் தடவை உதைத்த நேரம் அலை வந்து போட்டு விலகியது. கை வழுக்கியது. தாடைவரை தண்ணீருக்குள் போனார். "அப்பா!" என்று யூட் குனிந்து கையை நீட்டினார். அதே போட்டு, அதே இடைவெளி. வேண்டாம், வெளியிலை வாங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கையை எடடா!" என்று கத்தினார் அண்ணை. காலை ஊன்றித் தானாகவே எழும்பி நின்றார். நான்கு மாதத்துக்கு முந்தி அப்படி விழுந்தவரை இரண்டு பேர் தூக்கித்தான் எடுத்தார்களாம். அலை போகும்வரை பொறுத்தார். பிறகு உதைத்து ஏறினார்.

மூன்றாம் தடவைக்கு முன் நிறைய நேரம் எடுத்தார். விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஸ்ரொப்வோச் என் கையில் இருந்தது, அமத்தவில்லை. பிறகு ஒரு தரம் முழங்கால் மடித்துத் தாழ்ந்து, நிமிர்ந்து, ஏறி, போட்டுக்குள் இருந்தார். முதல் ஏற்றத்தைவிடக் கடைசி ஏற்றம் நன்றாக இருந்தது. பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் மச்சானைக் கேட்கலாம். அவர்தான் முதலில் கைதட்டினார்.

யூட் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மிஸ்?"

"ஏலும்," என்றேன். "இனிப்பு பொக்கற்றிலை இருக்கவேணும். அலை கூடின நாளிலை இறங்கக்கூடாது. பெட்டிப் பயிற்சியை விடவும் கூடாது."

யூட் போட்டின் நடுவில் இருந்த மண்ணெண்ணெய்க் கலனைத் தூக்கிப் பின்னால் வைத்தார். தகப்பனின் இடம் காலியானது. அண்ணை இடுப்பில் நனைந்த சாரத்தோடு அங்கே நகர்ந்து இருந்துகொண்டு, "இப்ப உன்ரை மச்சானை என்ன செய்யிறது?" என்று கேட்டார். "வெங்காயம் உரிக்கட்டும்."

இந்த ஆய்வு எங்களுக்குச் சொல்லித் தந்தது தசையைப் பற்றி மட்டுமில்லை. ஒரே கரையில் ஒரே போட்டில் போகிறவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மறுபாதிக்கு அது போகாது என்று நம்பினோம். அதுதான் எங்கள் பிழை. அடுத்த ஆய்வில் ஆளுக்கு ஆள் உறை எடுக்கவில்லை, கரைக்குக் கரை எடுத்தோம். ஒரு கரை முழுவதற்கும் பயிற்சி, மற்றக் கரை முழுவதும் காத்திருந்தது. இருக்கையின் உயரத்தையும் படிப்படியாகக் குறைத்தோம். நான் யன்னலைச் சாத்தாமலே எண்ணினேன்.

இளம் பிசியோக்கள் இப்போதும் தங்கள் ஆய்வுத் திட்டங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். மாதிரி அளவு, கருவி, படிவம் எல்லாம் என்னைவிடத் திறமாக எழுதுகிறார்கள். நான் ஒன்றுதான் கேட்பேன்: இந்த ஊரில் யார் யாருக்குக் கறிக்குக் கொடுக்கிறார்கள்? தெரியாது என்றால், எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு காலை கரைக்குப் போய் நின்றுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். போனவர்கள் பெரும்பாலும் பதிலோடு வருகிறார்கள். ஒருவரும் வெறுங்கையோடு வந்ததில்லை.